நத்ஹர் நகரிலிருந்து அரங்கம் வரை

கி.பி. 1823ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ஒரு பெரும் பரிவாரம் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அதன் நடுநாயகமாகச் சென்றவர் ஆர்க்காட்டு நவாப் அஃஸம் ஜாஹ் பஹதூர். அவர் படை நடத்தச் செல்லவில்லை. வரி தண்டவும் செல்லவில்லை. அவ்விரண்டுக்கும் உரிய அதிகாரம் 1801 ஜூலை 31ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கையோடு கும்பினியார் கைக்குப் போய்விட்டது. பட்டமும், மரியாதை வேட்டுகளும், ஆண்டு மானியமுமே நவாபுக்கு மிஞ்சியிருந்தன. நாடு இழந்த ஒரு குடும்பத்தின் தலைவர், தம் முன்னோர் போற்றிய இறைநேசர்களின் அடக்கத்தலங்களையும் அம்முன்னோரின் கபுறுகளையும் ஜியாரத் செய்யப் புறப்பட்டார். நாகூரும் திருச்சிராப்பள்ளியும் அப்பயணத்தின் முதன்மையான இலக்குகள்.

அந்த யாத்திரையை உடனிருந்து எழுதிவைத்தவர் குலாம் அப்துல் காதிர் நாஜிர். அவருடைய பாரசீக நூலின் பெயர் ‘பஹாரே அஃஸம் ஜாஹி’. அஃஸம் ஜாஹின் வசந்தம் என்று தமிழில் சொல்லலாம். சென்னைப் பல்கலைக் கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறையில் பணியாற்றிய பேராசிரியர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் அவர்கள் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1950இல் பல்கலைக் கழகம் வெளியிட்டது. வாலாஜாக்களின் வரலாற்றைக் கூறும் பாரசீக மூலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளிக்கொணர்ந்த அப்பெருமகனாருக்கு நம் சமுதாயம் பட்ட கடன் பெரிது. அக்கடனை நாம் நினைப்பது அரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நூல் முழுவதிலும் திருச்சிராப்பள்ளிக்கு வழங்கும் பெயர் ‘நத்ஹர் நகர்’. தப்லே ஆலம் பாதுஷா நத்ஹர் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பதால் நவாபுகள் இந்நகருக்குச் சூட்டிய பெயர் அது. ஆட்சி போயிற்று; பெயரும் போயிற்று. வலியின் வாசலில் மக்கள் கூடுவது மட்டும் நிற்கவில்லை.

இந்நூலைப் படித்த ஆர்வத்தால், அண்மையில் நாம் முப்பது பேருக்கு மேல் ஒரு பேருந்தை அமர்த்திக்கொண்டு திருச்சிக்குச் சென்றோம். மூத்தோரும் பெண்டிரும் மாணவரும் கலந்த குழு. நிகழ்ச்சி நிரலில் கல்லுப்பள்ளி, நத்ஹர் வலி தர்கா, கோட்டை, அரண்மனை ஆகியவற்றோடு திருவரங்கத்தையும் சேர்த்திருந்தோம். புறப்படுமுன்னரே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. “ஜியாரத்துக்குப் போகிறவர்களுக்குக் கோயிலில் என்ன வேலை?” என்று கேட்டார் ஒரு பெரியவர். நியாயமான கேள்விதான். நமது பதிலையும் அவரிடம் சொன்னோம்: வணங்கப் போகவில்லை, நம்மைப் பற்றி அங்கே என்ன நினைவு இருக்கிறது என்று அறியப் போகிறோம். அவர் மனம் நிறைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் உடன் வந்தார்.

முதலில் கல்லுப்பள்ளி. திருச்சிக் கோட்டை ரயில் நிலையத்தின் அருகே, நகரத்தின் இரைச்சலுக்கு நடுவில் ஒதுங்கியிருக்கும் சிறு கட்டிடம் அது. தூண்களும் கல், கூரையும் கல். குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. தொலைவிலிருந்து பார்ப்பவர் சிறு மண்டபம் என்றே எண்ணுவர். அதிலுள்ள அரபுக் கல்வெட்டு, ஹிஜ்ரி 116இல் அப்துல்லாஹ் பின் முஹம்மது அன்வர் என்பார் கட்டினார் என்று கூறுகிறது. ஹிஜ்ரி 116 என்பது கி.பி. 734. பெருமானார் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் ஒரு நூற்றாண்டும் சில ஆண்டுகளுமே கழிந்திருந்த காலம். சிந்துவில் முஹம்மது பின் காசிமின் படை வந்து இருபத்திரண்டு, இருபத்து மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அப்படையின் நிழல்கூடக் காவிரிக் கரையில் விழவில்லை.

அப்படியாயின் இங்கே தொழுதவர்கள் எவர்? பக்கத்திலேயே உறையூர் இருக்கிறது. பழஞ்சோழரின் தலைநகர், அதன் பருத்தித் துணி கடல் கடந்து சென்று புகழ் பெற்றது. அரபு வணிகர் தம் சரக்கைத் தேடி ஆற்றோரமாக உள்நாட்டுக்கு வந்திருக்கிறார்கள். வந்த இடத்தில் தங்கினார்கள். தங்கிய இடத்தில் தொழுதார்கள். உள்ளூர்த் தச்சர் தமக்குத் தெரிந்த முறையில் தூண் நிறுத்திக் கொடுத்தனர். மலைக்கோட்டையில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கும் இப்பள்ளிக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நூறாண்டுதான். நம் குழுவினர் அச்சிறு இடத்தில் பகுதி பகுதியாக நின்று இரண்டு ரக்அத் தொழுதனர். வாளின் துணையோடு வந்தது நம் மார்க்கம் என்று மேடைகளில் கேட்டுப் பழகிய மாணவர்கள் அந்தக் கல்வெட்டின் முன் நெடுநேரம் நின்றார்கள். நாம் அவர்களை அவசரப்படுத்தவில்லை.

அடுத்து, மதுரை ரோட்டிலுள்ள நத்ஹர் வலி தர்கா. அன்னாரின் சரிதம் மரபு வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. மேற்கு நாடொன்றின் அரச குடும்பத்தில் பிறந்து, அரியணையைத் துறந்து, தொள்ளாயிரம் கலந்தர்களுடன் இங்கு வந்து சேர்ந்தார்கள் என்பதும், ஹிஜ்ரி 417இல் (கி.பி. 1026) மறைந்தார்கள் என்பதும் அம்மரபு. பதினோராம் நூற்றாண்டு எழுத்துச் சான்றை நாம் இதற்குத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மரபின் உள்ளேயே வரலாற்று மாணவனுக்கு வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒன்றைச் சொல்கிறோம். வலியவர்கள் இவ்வூருக்கு வந்தபோது மூன்று தலை கொண்ட அரக்கன் ஒருவன் மக்களை வருத்தினான் என்றும், அவனை அடக்கி ஊருக்கு அமைதி தந்தார்கள் என்றும் பாரசீக ஏடுகள் கூறும். யார் இந்த மூன்று தலை அரக்கன்? மலைக்கோட்டைத் தலபுராணத்தில் சிவனை நோக்கித் தவம் செய்த திரிசிரனேதான். அவன் பெயரால் திரிசிரபுரம் என்று ஊர் பெயர் பெற்றதாகப் புராணம் சொல்லும். சைவரின் கதையில் அடியவனாக இருப்பவன், முஸ்லிம்களின் கதையில் அடங்கியவனாக வருகிறான். ஊர் ஒன்று; நினைவு ஒன்று; சொல்வோர் இருவர். இரு தெருக்களுக்கும் இடையே கதைகள் தங்குதடையின்றி நடந்து சென்ற காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ரமலான் மாதத்துக் கந்தூரியின்போது தர்காவுக்கு வரும் கூட்டத்தில் முஸ்லிமல்லாதார் எத்தனை பேர் என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இது புதுமையன்று.

தர்காவின் வளாகத்தில் இன்னொரு கபுறும் உண்டு. சந்தா சாகிபின் உடல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது என்று மாவட்ட வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவரை வாழ்நாளெல்லாம் எதிர்த்துப் போரிட்ட நவாப் முஹம்மது அலி வாலாஜாஹ் 1795 அக்டோபர் 13ஆம் நாள் சென்னையில் காலமானார். அவருடைய உடலும் இதே திருச்சி மண்ணுக்குக் கொண்டுவரப்பட்டு, இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்து வாசலருகே வைக்கப்பட்டது. 1823இல் அஃஸம் ஜாஹ் இங்கு வந்து கையேந்தி நின்றபோது, கர்நாடகப் போர்கள் முழுவதும் அவர் காலடியில் உறங்கிக் கொண்டிருந்தன. வென்ற கொள்ளுப்பாட்டனாருக்கும் தோற்ற பகைவருக்கும் ஒரே ஊர். இருவரும் சண்டையிட்ட நாடோ மூன்றாமவருக்கு.

பாத்திஹா ஓதி முடித்து மலைக்கோட்டையடியிலுள்ள அரண்மனைக்குச் சென்றோம். இன்று அரசு அருங்காட்சியகம் அதில் இயங்குகிறது. இராணி மங்கம்மாள் மகால் என்று வழங்கினும் சொக்கநாத நாயக்கர் காலத்தில் எழுந்தது என்பர். இவ்விடத்தில் நாம் தலைகுனிந்து கேட்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நாயக்க மரபின் கடைசி அரசி மீனாட்சி, உட்பகையால் நெருக்குண்டு ஆர்க்காட்டின் உதவியை நாடினார். 1736இல் சந்தா சாகிபு திருமறையின் மீது ஆணையிட்டு அவருக்குத் துணை நிற்பதாக வாக்களித்தார். பிறகு அந்த வாக்கை மீறி நாட்டைக் கைப்பற்றினார். அரசி நஞ்சுண்டு மாண்டார். ஆணையிட்ட பொருள் திருமறையே அன்று, பட்டுத்துணியில் சுற்றிய செங்கல் என்று ஒரு கதையும் வழங்குகிறது. சந்தா சாகிபின் பழியைக் குறைப்பதற்காக அக்கதையைச் சிலர் சொல்வதுண்டு. நமக்குப் புரியவில்லை: செங்கலைக் காட்டித் திருமறை என்று நம்பவைத்தவனின் குற்றம் எவ்வகையில் குறைந்தது?

அரசியல் அவரை விடவில்லை. 1741இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்து அவரைச் சதாராவுக்குச் சிறைகொண்டு சென்றனர். மீண்டு வந்து பிரெஞ்சுக்காரரின் துணையுடன் நவாபு பட்டத்துக்குப் போட்டியிட்டார். 1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கான் வீழ்ந்ததும், அவர் மகன் முஹம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தார். முற்றுகை தொடங்கியது. முஹம்மது அலியும் தூயவர் அல்லர். மைசூராரின் உதவிக்கு விலையாகத் திருச்சியையே தருவதாக மறைவில் வாக்களித்துவிட்டுப் பின்னர்க் கொடுக்க மறுத்தார். வாக்குத் தவறுவதில் இரு கட்சியாரும் இளைத்தவர்கள் அல்லர் எனலாம்.

இந்தப் போர்தான் நம்மைக் காவிரிக்கு அக்கரை அழைத்துச் செல்கிறது. 1752இல் நிலைமை மாறியது. பிரெஞ்சுத் தளபதி லாவும் சந்தா சாகிபும் பின்வாங்கித் தீவுக்குள் ஒதுங்கினர். லாவின் படை திருவானைக்காக் கோயிலில். சந்தா சாகிபின் படை திருவரங்கம் கோயிலில். கிளைவ் சமயபுரத்தில் நின்று வடக்கு வழியை அடைத்தார். உயர்ந்த மதில்களும் கோபுரங்களும் உடைய கோயில்களைப் போர் வீரர்கள் கோட்டையாகவே பார்த்தனர். முஸ்லிமும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதில் ஒன்றே. ஜூன் மாதம் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிச் சென்ற சந்தா சாகிபு அவர் கையிலேயே கொல்லப்பட்டார். வாக்கை மீறியவர் மீறப்பட்ட வாக்கினால் மாண்டார்.

பாலத்தைக் கடந்து திருவரங்கத்துத் தெற்கு வாயிலுக்கு வந்தோம். 1987இல் நிறைவுபெற்ற இராஜகோபுரம் 236 அடி உயரத்தில் நிற்கிறது. ஏழு திருச்சுற்றுகள், வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் நிறைந்த ஒரு நகரமே இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான வைணவ நண்பர் ஒருவர் வழிகாட்டியாக வந்திருந்தார். வந்ததும் அவர் நினைவூட்டியது கம்பனை: இராமகாதை அரங்கேறியதாக மரபு கூறும் மண்டபம் இங்கே தாயார் சந்நிதிக்கு எதிரில் இருக்கிறது. சீறாவை நமக்குத் தந்த உமறுப் புலவர் நடந்த காப்பிய வழி அம்மண்டபத்தைத் தொட்டுச் செல்வதுதானே.

ஆனால் நாம் வந்தது வேறொன்றைக் கேட்க. 1311இல் அலாவுத்தீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் தெற்கே வந்தார். அமீர் குஸ்ரு தம் ஏட்டில் குறிக்கும் ‘பிரம்மஸ்த்புரி’ திருவரங்கமா சிதம்பரமா என்பதில் ஆய்வாளர் கருத்து ஒன்றுபடவில்லை. 1323இல் நிகழ்ந்ததில் ஐயமில்லை. பின்னாளில் முஹம்மது பின் துக்ளக் எனப்பட்ட உலூக் கான் அனுப்பிய படை திருவரங்கத்தைத் தாக்கியது. முதியவரான பிள்ளை லோகாசாரியர் அழகிய மணவாளரின் திருமேனியைப் பல்லக்கிலிட்டுத் தெற்கே கொண்டு சென்று, மதுரையை அடுத்த சோதிக்குடியில் உயிர் நீத்தார். ஊரில் நின்றவர்களுள் பன்னீராயிரவர் தலையிழந்தனர் என்பது அரங்கத்தாரின் நினைவு. திருமேனி பல ஊர்களில் அலைந்து, திருமலையில் தங்கி, விசயநகரத் தளபதி கோபணாரின் முயற்சியால் 1371இல் மீண்டது. நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

இதனை நம் ஏடுகள் பெரும்பாலும் தாண்டிச் செல்கின்றன. அல்லது ‘அரசர்கள் செய்தது, மார்க்கத்துக்கு என்ன தொடர்பு’ என்று ஒரு வரியில் முடிக்கின்றன. அந்த வரி பொய்யன்று. ஆயினும் அதை எழுதுமுன் இறந்தவர்களைப் பற்றி ஒரு வரியேனும் எழுத வேண்டும். இதற்கு நமக்கு முன்மாதிரி உண்டு. இப்னு பதூதா 1340களில் மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் விருந்தாளியாக வந்தார். சுல்தானின் மனைவியும் இவர் மனைவியும் உடன்பிறந்தவர்கள், உறவினர் வீடு. அப்படியிருந்தும் போரில் சிறைப்பட்டவர்களையும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளையும் சுல்தான் கொன்ற கொடுமையைக் கண்ணாரக் கண்டு, வேறெந்த அரசனிடமும் தாம் அறியாத இழிசெயல் என்றும், அதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதிவைத்தார். நம்மவரின் கொடுமையை நம்மவரே எழுதிய பக்கம் அது.

இனி, அடிபட்ட ஊர் என்ன எழுதிவைத்தது என்று பார்ப்போம். திருவரங்கத்தின் வரலாற்று ஏடாகிய கோயிலொழுகு சொல்லும் கதை இது. தில்லிப் படை திருமேனியை எடுத்துச் சென்றது. கரம்பனூர்ப் பெண்ணொருத்தி அதைப் பின்தொடர்ந்து தில்லிவரை போய்த் திரும்பி வந்து செய்தி சொன்னாள். ‘பின்சென்ற வல்லி’ என்று அவளுக்குப் பெயர். கோயிலார் அறுபது பேர் தில்லிக்குச் சென்று ஆடிப் பாடிச் சுல்தானை மகிழ்வித்தனர். வேண்டியதைக் கேளுங்கள் என்றான், திருமேனியைக் கேட்டனர், கொடுத்தான். அவன் மகளோ அத்திருமேனியைத் தன் அறையில் வைத்துக் கொஞ்சி, அதன்மேல் காதலும் கொண்டிருந்தாள். அவள் உறங்கும்போது எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். விழித்தவள் பிரிவாற்றாது பின்னே ஓடிவந்தாள். அரங்கத்தை அடைந்து உயிர் விட்டாள். அவளுக்குக் கோயிலுக்குள்ளேயே இடம் தந்தார்கள். அவள்தான் துலுக்க நாச்சியார்.

தில்லியின் வரலாற்றாசிரியர் எவரும் இப்படியோர் இளவரசியை அறியார். கருநாடகத்து மேல்கோட்டையிலும் பீபி நாச்சியார் என்ற பெயரில் இதே கதை, இராமாநுசரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. ஆகவே இது நடந்த கதை என்று நாம் வாதிடப் போவதில்லை. உருவ வழிபாட்டில் நமக்கு உடன்பாடு இல்லை என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை. நம்மை நிறுத்திய கேள்வி வேறு. தம் உறவினரை வெட்டிய படையின் அரசன் மகளை, ஓர் ஊர் ஏன் தன் தெய்வத்தின் நாச்சியாராக்கிக் கொண்டது? பகைவனின் வீட்டிலிருந்து அன்பு கொண்ட ஒருத்தியைத் தேடி எடுத்திருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் படைத்துக் கொண்டிருக்கிறார்கள். கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் அங்கே படைக்கப்படுகின்றன. பெருமாளுக்குக் கைலி உடுத்தும் வழக்கமும் உண்டு. பகல்பத்துத் திருநாளின்போது பெருமாள் எழுந்தருளும் அர்ச்சுன மண்டபத்தை ஒட்டியே அவள் இடம்.

அந்த இடத்தை நாம் பார்க்கவில்லை. இரண்டாம் திருச்சுற்றில் இருக்கிறது. இந்துக்கள் அல்லாதார் உட்சுற்றுகளுக்குச் செல்ல அனுமதி இல்லை. வாயிலருகே அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு ஒதுங்கி நின்றோம். மாணவர் ஒருவர், “துலுக்க நாச்சியார் உள்ளே, துலுக்கர் வெளியே” என்று சிரித்தார். சிலருக்கு அது கசப்பாகவே இருந்தது. ஒவ்வொரு தலத்துக்கும் அதனதன் ஒழுங்கு உண்டு, மக்காவின் எல்லையில் நாமும் பலகை வைத்திருக்கிறோம் என்று நாம் சொன்னோம். புறப்படும் முன் எதிர்ப்புத் தெரிவித்த பெரியவர் ஒன்றும் பேசாமல் தூணருகே அமர்ந்திருந்தார்.

நண்பர் மட்டும் உள்ளே சென்று வந்தார். அவள் அங்கே சிலையாக இல்லை, சுவரில் எழுதிய ஓவியமாக இருக்கிறாள் என்றார். உங்கள் வழக்கத்தை மதித்துச் சிலை வைக்கவில்லை என்று பெரியோர் சொல்வதுண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். அவரைச் சுற்றி நம் பெண்டிர் கூடிவிட்டனர். ரொட்டியை யார் சுடுகிறார்கள், வெண்ணெய் எவ்வளவு என்றெல்லாம் கேள்விகள்.

பிறகு நம் குழுவின் மூத்த பெண்மணி கேட்டார்: “தம்பி, அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?”

நண்பர் சற்றுத் தயங்கினார். “கோயிலொழுகு சுரதானி என்று சொல்கிறதம்மா,” என்றார்.

அது பெயரன்று. சுல்தானைத் தமிழ்க் கல்வெட்டுகள் சுரத்தாணன் என்னும். சுரதானி என்றால் சுல்தானின் மகள், அவ்வளவே. இதை அந்த அம்மையாரிடம் எடுத்துச் சொன்னோம். “அப்படியானால் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவே இல்லையா?” என்று கேட்டுவிட்டு, அவர் அந்த வாயிலை நோக்கிச் சிறிது நேரம் நின்றார். அஸருக்கு நேரமாகியிருந்தது. பேருந்து வடக்குச் சித்திரை வீதியைச் சுற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தை நோக்கித் திரும்பியது.